ஓடைக்கு அக்கரையில் விட்ட பாம்புகள்

வரவேற்பு மேசையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்கு ஒரு சொல்லைப் பழக்கிவிட்டிருப்பார்கள். இயற்கை. நானும் அந்தச் சொல்லை விற்றுத்தான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். மாத்தளை டவுனில் விடியற்காலை பஸ் ஏறி, பல்லேபொலப் பக்கம் இறங்கி, ஓட்டோ பிடித்து ஹோட்டலுக்குப் போய், சேலையைச் சரிசெய்துகொண்டு, வருகிறவர்கள் கையில் வில்வப்பூ அவித்த பெலிமல் பானத்தைக் கொடுத்து, "நீங்கள் இப்போது இயற்கையின் மடியில் இருக்கிறீர்கள்" என்று சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்தது. எந்த ஹோட்டல் என்று பெயர் சொல்ல மாட்டேன். உங்களில் சிலர் இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறீர்கள், வாசிக்கும்போதே உங்களுக்குப் புரிந்துவிடும்.

விருந்தினரை எப்படிக் கும்பிடுவது, துவாயை எப்படி அன்னம் மாதிரி மடிப்பது என்பதெல்லாம் வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். எனக்கு அதில் ஆர்வம் எப்போதோ போய்விட்டது. நம் மாதிரி ஹோட்டல்களுக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு, அதைப் பற்றித்தான் பேச வந்தேன். காட்டைத் தேடி வருகிறவர்களுக்குக் காடு வேண்டும், ஆனால் அது அறைக்குள் வந்துவிடக் கூடாது. பாத்ரூமில் தவளை இருக்கிறது என்று ஒரு அம்மா போன் பண்ணி, அது ஹோட்டல் தவளையா வெளித் தவளையா என்று என்னிடம் கேட்டார். "வெளித் தவளைதான் மேடம், ஆனா ரொம்ப காலமா இங்கதான் தங்கியிருக்கு" என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார். தவளையை இப்படிச் சமாளிக்கலாம். பாம்பு வந்தால் சிரிப்பெல்லாம் உதவாது.

எங்கள் ஹோட்டலில் பாம்பைக் கொல்லக் கூடாது என்று ஒரு கண்டிப்பு இருந்தது. அதைக் கொண்டுவந்தவர் எங்கள் ஜெனரல் மெனேஜர். அவரைக் கெட்ட மனிதர் என்று நினைத்துக்கொண்டு இதை வாசிக்காதீர்கள். ஊழியர் சாப்பாட்டு அறையில் எங்களோடு உட்கார்ந்து அதே பருப்பையும் கீரையையும் சாப்பிட்டவர். பிளாஸ்டிக் போத்தலை முதலில் நிறுத்தியவர், ஓடைக்குள் ஒரு சொட்டு சவர்க்காரத் தண்ணீர் போகவிடாதவர். அவர் வருவதற்கு முன்பு தோட்டத்தில் பாம்பைக் கண்டால் மம்பட்டியால் ஒரே போடு. சாரைப்பாம்பு, பச்சைப்பாம்பு என்று பார்க்கிறதில்லை. அவர் வந்து அதை நிறுத்தினார். பாம்பைப் பிடித்துப் பத்திரமாகக் கொண்டுபோய் இயற்கையில் விட வேண்டும் என்றார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள்.

பிடிப்பது தோட்ட வேலைக்காரர் சிரிபால. நாற்பது வயதுக்காரர், ஒரு கம்பிக் கொக்கியும் மூடி போட்ட பெரிய வாளியும்தான் அவர் ஆயுதம். பாம்பு பிடிக்கிற நாளில் அவர் நடையே மாறிவிடும். பகலில் பிடித்ததை வாளியில் வைத்திருந்து, அந்தி நேரத்தில் கொண்டுபோய் விடுவார். முதலில் தனியாகத்தான் போனார். பிறகு ஒரு விருந்தினர் நானும் வரட்டுமா என்று கேட்டார். பிறகு குடும்பங்கள் வந்தன. கொஞ்ச காலத்தில், இன்று பாம்பு விடுகிறீர்களா என்று அறை பதிவு செய்யும்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சிரிபால முன்னால் வாளியோடு, பின்னால் கமராவோடு ஒரு ஊர்வலம். கமுகு மரப் பாலத்தில் ஓடையைத் தாண்டி, அக்கரையில் ஒரு பெரிய பிலா மரத்தடியில் வாளியைச் சாய்ப்பார். பாம்பு காய்ந்த இலைக்குள் நழுவிப் போகும். எல்லோரும் கை தட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன். அதைச் சொல்லி அழுவதற்காக இதை எழுதவில்லை.

ஏன் அக்கரை என்று கேட்பீர்கள். இக்கரை முழுக்க ஹோட்டல். எங்கே விட்டாலும் அது மறுநாள் ஒரு குடிலின் வாசற்படிக்கு வந்து நிற்கும். அக்கரையில் மரங்கள் அடர்ந்து, வெயில் தரையில் விழாத இடம். பார்க்கிறவர்களுக்கு அது காடு.

அது காடு இல்லை. நூர் ராத்தாவின் தோட்டம்.

வெளிநாட்டுக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன், கொழும்பிலிருந்து வருகிற நம் ஆட்களுக்கே தெரியாது. நம் பக்கத்து வீட்டுத் தோட்டம் வரிசையாக, பாத்தி கட்டி இருக்காது. மேலே பிலாவும் கமுகும், நடுவில் கராம்பும் சாதிக்காயும், முள்முருங்கையில் ஏறிப் படர்ந்த மிளகுக்கொடி, கீழே இஞ்சியும் மஞ்சளும் உதிர்ந்த இலையும். தெரியாதவன் பார்த்தால் காடு, தெரிந்தவனுக்கு அது ஒரு குடும்பத்தின் சோறு. எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சமையலறைக்கு மிளகும் பிலாக்காயும் அங்கிருந்துதான் வாங்கினோம். இருந்தும் அந்தியில் வாளியோடு பாலத்தைத் தாண்டும்போது மட்டும் அது எங்களுக்கு இயற்கை ஆகிவிடும். காலையில் தோட்டம், மாலையில் காடு. இந்தப் பைத்தியம் நம் தொழிலில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் வரும்.

நூர் ராத்தா ஒரு தடவை கேட்கவும் செய்தார். முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்பார்கள், நாங்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். அவருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும், புருஷன் மௌத்தாகி மகனோடு இருந்தார். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டபடி சமையலறை வாசலில் மிளகுப் பையை இறக்கி வைத்துவிட்டு, "தங்கச்சி, அந்திக்கு நீங்கெல்லாம் கூட்டமா வந்து எங்கட தோட்டத்துல என்ன பாக்குற?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சிரிபால தனக்குத் தெரிந்த தமிழில் முந்திக்கொண்டார். "சும்மா ராத்தா, வெள்ளைக்காரங்களுக்கு பிலா மரம் காட்டுறது."

"பிலா மரத்துக்கா கை தட்டுற?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்த நாள் நடந்ததைச் சொல்கிறேன். முந்தின நாள் பகலில் ஒரு குடிலின் வாசலில், செருப்பு வைக்கிற இடத்தில், ஒரு சின்ன விரியன் சுருண்டு கிடந்தது. காய்ந்த இலை நிறம், மூக்கு நுனி மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். சிங்களத்தில் குனகட்டுவா என்பார்கள், எங்கள் ஊரில் எல்லோருக்கும் அந்தப் பெயர்தான் வாயில் வரும். சிரிபால பிடித்தார். அந்தியில் வழக்கம்போல ஊர்வலம் போனது. ஹோட்டலின் இணையப் பக்கத்தில் போடுவதற்கு நான்தான் என் போனில் படம் எடுத்தேன். நல்ல வெளிச்சம், படம் தெளிவாக விழுந்தது.

மறுநாள் காலை, விருந்தினர்கள் சாப்பிட்டு முடித்து சிகிரியாவுக்குப் போக வேனில் ஏறிக்கொண்டிருந்த நேரம். மெனேஜர் ஒரு கூட்டத்துக்காகக் கண்டி போயிருந்தார், பொறுப்பு என் கையில். நூர் ராத்தாவின் மகன் ரிஸ்வான் பாலத்தைத் தாண்டி ஓடி வந்தார். மாத்தளை டவுனில் பலசரக்குக் கடையில் வேலை செய்கிறவர், மிளகு பறிக்கிற காலத்தில் லீவு போட்டு உம்மாவோடு நிற்பார். செருப்பில்லை, சட்டை முழுக்க மிளகுச் சக்கை.

"மிஸ், உம்மாவுக்குப் பாம்பு கடிச்சிட்டு. ஒரு வாகனம் தாங்க. ஓட்டோ ஒண்ணும் இல்ல."

ஏணியில் நின்று அவர் பறித்துப் போட்ட மிளகுக் கதிர்களை உம்மா கீழே இலைக்குள் கையால் துழாவிப் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். பிலா மரத்தடியில்.

இந்த மாதிரி நேரத்தில் உங்கள் தலைக்குள் நூறு குரல் கேட்கும். வேன் விருந்தினருக்குப் பதிவானது, மெனேஜரைக் கேட்க வேண்டும், இரத்தம் ஆசனத்தில் படும். ஒன்றையும் கேட்காதீர்கள். நான் வேன் கதவைத் திறந்து, பக்கத்து வீட்டம்மாவைப் பாம்பு கடித்துவிட்டது, தயவுசெய்து இறங்குங்கள் என்றேன். அவ்வளவுதான். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஒரு அம்மா தன் கழுத்துத் துணியைக் கழற்றி என் கையில் திணித்தார். விருந்தினரைப் பற்றி நாம் வைத்திருக்கிற பயத்தில் பாதி நாமே கட்டிக்கொண்டது.

ரிஸ்வானும் இன்னொருவரும் ராத்தாவைத் தூக்கி வந்தார்கள். சிரிபால வேன் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை. என் காதுக்குள் சிங்களத்தில், "மிஸ், அதே மரத்தடிதான்" என்றார். நான் வேனில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

வழி முழுக்க ராத்தாவின் உதடு ஓதிக்கொண்டே இருந்தது. வலது கை மணிக்கட்டுவரை வீங்கிப்போய்விட்டது. இடையில் ஓதுவதை நிறுத்தி மகனிடம், "மொளகு பாயில காயுது மவன். மழ வந்தா யாரு எடுக்கிற?" என்றார்.

"மொளகு போனாப் போகட்டும் உம்மா, நீங்க பேசாம இரிங்க."

"போனாப் போகட்டுமா? வருசம் முழுக்கச் சாப்பிடுறது அதத்தானே."

மாத்தளை ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஒரு இளம் பெண் டொக்டர். சிங்களப் பிள்ளை, எங்கள் பேச்சு முழுக்கச் சிங்களத்தில்தான் நடந்தது, தமிழில் எழுதுகிறேன். அவர் கேட்ட முதல் கேள்வி, என்ன பாம்பு என்பதுதான்.

"தித் பொலங்கா" என்றார் ரிஸ்வான். கண்ணாடி விரியன். நம் பக்கத்தில் எது கடித்தாலும் முதலில் வாயில் வருவது அந்தப் பெயர்தான், அவ்வளவு பயம்.

"பார்த்தீங்களா?"

"இலைக்குள்ள ஓடினது தெரிஞ்சது."

டொக்டர் ராத்தாவிடம் குனிந்து கேட்டார். ராத்தா கண்ணை மூடிக்கொண்டே, "நான் சரியாக் காணல்ல மகள். சின்னதாத்தான் ஈந்திச்சு" என்றார்.

டொக்டர் நிமிர்ந்து, எங்களுக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். பொலங்கா என்றால் மருந்து இருக்கிறது, உடனே ஏற்ற வேண்டும், தாமதிக்கக் கூடாது. வேறு சில பாம்புகளுக்கு அந்த மருந்து வேலை செய்யாது, சும்மா ஏற்றினால் அதுவே ஆளைச் சாய்த்தாலும் சாய்க்கும். அதிலும் இந்த அம்மாவுக்கு ஆஸ்துமா. இரத்தம் உறைகிறதா என்று பார்க்கக் கொடுத்திருக்கிறேன், அது வருவதற்குள் வேறு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்றார்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. மெனேஜர். தாழ்வாரத்துக்கு வந்து பேசினேன். சிரிபால அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"ராத்தாவுக்கு என்ன வேணுமோ செய். கண்டிக்குக் கொண்டுபோகணும்னாலும் கொண்டுபோ, நான் பார்த்துக்கிறேன்" என்றார். குரல் நடுங்கியது, உண்மையான நடுக்கம். பிறகு, "நேத்து விட்டதைப் பத்தி மட்டும் அங்க பேச வேண்டாம். அதே பாம்புதான்னு யாருக்குத் தெரியும்? அந்தத் தோட்டத்துல எத்தனையோ பாம்பு இருக்கும்" என்றார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதே பாம்புதான் என்று எனக்கும் தெரியாது, இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்தத் தோட்டத்தில் பாம்பு எப்போதும் இருந்திருக்கிறது, நாங்கள் வருவதற்கு முன்பும். பொய் சொல்லச் சொல்லியிருந்தால் எனக்கு வேலை சுலபம், கோபம் வந்திருக்கும், வைத்துவிட்டு வந்திருப்பேன். நம்மை வாயடைக்க வருகிற பேச்சு பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். அதனால்தான் அது இவ்வளவு நன்றாக அடைக்கிறது. அவர் யோசித்தது ஹோட்டலை நம்பிப் பிழைக்கிற எங்கள் எல்லோரையும் பற்றி, அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் உட்பட. எனக்கு அது விளங்கியது. ஆனால் உள்ளே கட்டிலில் கிடந்தவருக்கு அந்த நேரம் வேண்டியிருந்தது ஹோட்டலின் நல்ல பெயர் இல்லை. நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போனை வைத்தேன்.

உள்ளே போய்ப் படத்தை எடுத்து முதலில் டொக்டரிடம் காட்டினேன். "இந்தப் பாம்பு நேத்து அந்தியில அதே இடத்துல இருந்தது. இதுதான் கடிச்சதுன்னு நான் சொல்லல்ல. இருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்து போனை வாங்கி ராத்தாவின் முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

ராத்தா கண்ணைத் திறந்து பார்த்தார். "இவ்வளவுதான் ஈந்திச்சு. இந்த நெறந்தான்."

ரிஸ்வான் கட்டிலின் மறுபக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். பாம்பைப் பார்த்தார், பிறகு பாம்புக்குப் பின்னால் பார்த்தார். படத்தில் பிலா மரத்தில் சாய்த்து வைத்த ஒரு மூங்கில் ஏணி விழுந்திருந்தது. அதை நான் அதுவரை கவனிக்கவில்லை. கண் முழுக்கப் பாம்பின் மேல்தானே இருந்தது.

"அது எங்கட ஏணி" என்றார்.

டொக்டர் கையிலிருந்து போனை வாங்கி இன்னும் கிட்டத்தில் பார்த்தார்.

"இந்தப் போட்டோ யாரு எடுத்தது?"

"நான்தான் தம்பி. நேத்து."

"பாம்பு அங்க எப்படி வந்துச்சு?"

"ஹோட்டல்ல பிடிச்சது. நாங்கதான் அங்க கொண்டுவந்து விட்டோம்."

"இது மட்டுமா?"

"இல்ல. பிடிக்கிறதெல்லாம் அங்கதான் விடுவாங்க."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "எங்கட உம்மா அங்க வெறுங்கையால மொளகு பொறுக்குறா. உங்களுக்குத் தெரியுந்தானே மிஸ்? அந்த மொளகத்தானே நீங்க வாங்குற" என்றார்.

கட்டிலிலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. "மவன், அவங்கள ஏசாத. வேன் கொண்டந்தது அவங்கதானே." அதைவிட அவர் என்னை நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

டொக்டர் பொலங்கா மருந்தை ஏற்றவில்லை. இரத்தப் பரிசோதனையும் பிறகு அதற்கு ஒத்துத்தான் வந்தது. குனகட்டுவாவுக்கென்று இங்கே தனியாக மருந்து இல்லை என்றும், பெரும்பாலானவர்கள் வீக்கத்தோடு தப்பிவிடுவார்கள் என்றும், சிலருக்கு மட்டும் சிறுநீரகத்தைப் பிடித்துவிடும் என்றும் சொன்னார். ராத்தா அந்தச் சிலரில் ஒருவராகிப்போனார். மறுநாளே சலம் போவது நின்றது, கண்டிக்கு அனுப்பினார்கள். உயிர் தப்பியது, சிறுநீரகம் திரும்பவில்லை.

பிறகொரு நாள் அந்த டொக்டரைக் கேட்டேன், நான் படத்தைக் காட்டியதால் ஏதாவது பலன் இருந்ததா என்று. நல்ல பதிலுக்கு ஏங்கித்தான் கேட்டேன். "ஒரு தவறு செய்யாம இருக்க உதவிச்சு" என்றார். "அதுக்கு மேல இல்ல." நேர்மையான பிள்ளை. உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லித் தந்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். சரியாகாது. சொல்ல வேண்டியிருப்பதால் சொல்கிறோம்.

மெனேஜர் திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். கதிரையில் உட்காரச் சொன்னார். "நீ செய்தது சரி" என்றார். "நானா இருந்தா செய்திருப்பேனான்னு தெரியல்ல." அடுத்த வாரத்திலிருந்து என்னை வரவேற்பு மேசையிலிருந்து எடுத்து, பின்னால் ஜன்னலில்லாத அறையில் பதிவு வேலைக்குப் போட்டார்கள். இரண்டும் ஒரே மனிதர் செய்ததுதான். வேலை செய்கிற இடத்தில் இப்படித்தான், ஒரு கை முதுகைத் தட்டும், அதே கை பின்னறைக் கதவைக் காட்டும். நான் ஓய்வு பெறும்வரை அந்த அறையில்தான் இருந்தேன். இனி விருந்தினர் யாரும் என் வாயால் இயற்கை என்ற சொல்லைக் கேட்க வேண்டாம் என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

பாம்பு விடுவதையும் அவர் அன்றோடு நிறுத்தினார். ராத்தா கண்டியிலிருந்து திரும்பிய பிறகு ஒரு பெரிய பழக்கூடையோடு பார்க்கப் போனார், நானும் கூடப் போனேன். ஹோட்டல் வழக்கப்படி பனையோலைக் கூடை, வாழையிலைச் சுற்று, பிளாஸ்டிக் ஒரு துண்டு இல்லை. மாம்பழம், வாழைப்பழம், இளநீர். ரிஸ்வான் வாசலிலேயே நின்றார். கூடையை வாங்கவில்லை.

"உம்மா பழம் தின்னக் கூடாதாம். இளநீரும் குடிக்கக் கூடாதாம். டொக்டர் செல்லிட்டாரு" என்றார்.

கூடையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பாலத்தைத் தாண்டித் திரும்பி வந்தோம். அந்த வருட முடிவில் மெனேஜர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

அடுத்து நடந்ததில் யாரையும் குற்றவாளி என்று காட்ட எனக்குத் தெரியவில்லை. இரத்தம் சுத்தம் பண்ண வாராவாரம் உம்மாவைக் கண்டிக்குக் கூட்டிப்போக வேண்டும், ரிஸ்வான் கடை வேலையை விட்டார். மிளகு பறிக்க ஆளில்லை, கொடியிலேயே பழுத்து உதிர்ந்தது. பக்கத்தில் ஒருவரும் அந்த இடத்துக்குள் இறங்கிப் பொறுக்க வரவில்லை, பாம்புத் தோட்டம் என்று பெயர் வந்துவிட்டது. கடைசியில் விற்க வேண்டியதாயிற்று. வாங்க முன்வந்தது எங்கள் ஹோட்டல் மட்டும்தான். நல்ல விலைதான் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன், ரிஸ்வானும் அப்படித்தான் சொன்னார். ராத்தா குடும்பம் மாத்தளை டவுனில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டது.

இனி உங்களுக்குத் தெரிந்த கதை. வீட்டின் கூரையைக் கழற்றினார்கள், சுவரை மழை கரைத்தது. ஏணியும் பாயும் எங்கே போனதோ. தோட்டத்தைத் தொடாமல் விட்டதால் உண்மையிலேயே காடு ஏறிவிட்டது. புது மெனேஜர் அங்கே ஒரு நடைபாதை போட்டு, "மீட்டெடுத்த வனம்" என்று மூன்று மொழியிலும் பலகை வைத்தார். நீங்கள் விருந்தினரை அந்தப் பாதையில் கூட்டிப்போகிறீர்கள். மரத்தில் தொங்குகிற மிளகைக் காட்டி, காட்டு மிளகு என்று சொல்கிறீர்கள். போன வருடம் ஒரு நாள் என்னை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அப்போது உங்களில் ஒரு பிள்ளை அப்படிச் சொன்னதை என் காதால் கேட்டேன். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் நான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். அது நட்ட மிளகு. முள்முருங்கைக் கம்பை ஊன்றி, கொடியைக் கட்டி, வெயில் காலத்தில் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றியது ஒரு பொம்பளை. பலகையைக் கடந்து கொஞ்சம் போனால் இடது பக்கம் ஒரு கிணற்றுக் கட்டு புல்லுக்குள் இருக்கும், கைப்பிடிச் சுவர் உடைந்திருக்கும். யார் இங்கே இருந்தார்கள் என்று விருந்தினர் கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். நூர் ராத்தா என்று சொல்லுங்கள்.

இதற்கு மேல் புத்திமதி என்று எனக்குச் சொல்ல வராது. நம் தொழிலில் நல்ல மனசுக்காரர்கள் அதிகம், அதுதான் எனக்குப் பயம். கெட்டது செய்கிறவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் செய்வான். நல்லது செய்கிறோம் என்று போகிறவன் பார்ப்பதே இல்லை. எந்த வாளியைத் தூக்கிக்கொண்டு எந்தப் பாலத்தைத் தாண்டினாலும், அந்தப் பக்கம் யார் கையை வைப்பார்கள் என்று ஒரு தடவை நின்று பாருங்கள்.

போன மாதம் ராத்தாவைப் பார்க்கப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்துக்குள் ஒரு சின்ன வீடு. கண்டிக்குப் போய்வந்த மறுநாள், அசந்து போய்ப் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்தார். எனக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொல்லி மருமகளை, ரிஸ்வானின் மனைவியை, அனுப்பினார். அவருக்குத் தண்ணீரே அளந்துதான். நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, அங்க எப்பிடி? மரமெல்லாம் நிக்குதா?"

"நிக்குது ராத்தா. பிலா நல்லா காய்ச்சிருக்கு."

"யாரு பறிக்கிற?"

"யாரும் பறிக்கிறதில்ல. குரங்கு திங்கட்டும்னு விட்டிருக்காங்க."

கொஞ்ச நேரம் கையைத் தடவிக்கொண்டிருந்தார், கடிபட்ட கையை. பிறகு, "பாம்பு இன்னும் விடுறாங்களா?" என்றார்.

மறைக்க எனக்கு மனசு வரவில்லை. புது மெனேஜர் வந்ததும் திரும்பவும் தொடங்கிவிட்டார்கள், முன்பைவிடப் பெரிதாக. "விடுறாங்க ராத்தா. அதே இடத்துலதான்" என்றேன்.

ராத்தா தலையாட்டினார். முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை.

"இப்ப விட்டா என்ன" என்றார். "அங்கதான் ஆளில்லையே."